அப்பாவிடம் வாங்கிய டிக்கெட்டுகள்

போன மாதம் நம் செட்டுப் பெண்களெல்லாம் பாளையங்கோட்டையில் கூடினோமே, அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்காது. நினைவில் வைத்துக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உங்களில் ஒருத்தி தன் மருமகளிடம் என்னைக் காட்டி, "மகளுக்கே டிக்கெட் கிழிச்ச கண்டக்டர்னு ஒரு கதை சொல்லுவேன்லா, அந்த மக இவதான்" என்றாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் சிரிப்பது எனக்குப் பழகிவிட்டது.

யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. படியேறினால் முட்டி பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம், இனி யாரிடம் கோபித்து என்ன. ஆனால் அந்தப் பெண் சிரித்தது அன்றிலிருந்து எனக்குள் கிடந்து உறுத்துகிறது. நீங்கள் எல்லாரும் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள். உங்கள் கண் முன்னால்தான் அது நடந்தது. ஆனாலும் நீங்கள் பார்த்தது பஸ்ஸுக்குள் நடந்த பாதியை மட்டும்தான். மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த பஸ்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை வழியாகச் சீவலப்பேரி ரோட்டில் வந்து, நம் ஊர் ஆலமூட்டில், அந்தப் பெரிய ஆலமரத்தடியில், திரும்பி நிற்கும் தனியார் வண்டி. அரசாங்க பஸ் வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துவிடும் என்பதால் நமக்கு அதுதான் கதி. தனியார் வண்டியில் பள்ளிக்கூடப் பாஸ் செல்லாது. நீங்களெல்லாம் சில்லறையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி ஏறுவீர்கள். நான் வெறுங்கையோடு ஏறுவேன். கண்டக்டர் மகள் அல்லவா. டிரைவருக்கு இடது பக்கம், என்ஜின் சூட்டில் வெதுவெதுவென்று இருக்கும் அந்தப் பலகை என்னுடைய இடம். ஆனி ஆடிச் சாரலில் ஜன்னல் தார்ப்பாயை இறக்கி விட்டிருப்பார்கள். உள்ளே வாழையிலைக் கட்டுகளின் பச்சை வாசமும், பால் கேனின் புளித்த வாடையும், டீசலும் கலந்து அடைந்து கிடக்கும். அப்பா கக்கத்தில் தோல்பையை இடுக்கிக்கொண்டு, ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குக் கை மாற்றி மாற்றி வருவார். என்னைத் தாண்டும்போது என் தலையில் விசிலால் ஒரு தட்டு தட்டுவார். டிக்கெட் கிழித்து முடிந்த அடிக்கட்டைகளை எனக்குத் தருவார். ரோஸ், பச்சை, மஞ்சள். அதை வாங்குவதற்காகவே நீங்கள் எனக்கு நெல்லிக்காய் கொடுத்திருக்கிறீர்கள்.

ஏழாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அப்பா வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்.

சண்டை ஏதும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. சட்டை வேட்டிகள் ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து குறைந்தன. டவுனில் ஒரு வீடு, அங்கே ஒரு பெண், அவளுக்குக் கைப்பிள்ளை என்று ஊரில் பேச்சு. அப்பாவோ தினமும் பஸ்ஸோடு நம் ஊருக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆலமூட்டில் வண்டி நிற்கும் நேரத்தில் டீ குடிப்பார், டிரைவரோடு பேசுவார், எங்கள் தெருப்பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். அம்மா முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுவாள். ஆலமூட்டு விசில் எங்கள் முற்றத்துக்குக் கேட்கும். விசில் கேட்டதும் அம்மாவின் விரல் ஒரு நொடி நிற்கும், பிறகு சுற்றும்.

அப்போதும் நான் அதே பலகையில்தான் உட்கார்ந்து போனேன். அப்பா தலையில் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்.

அம்மாவோடு பீடி சுற்றும் அக்கா ஒருத்தி, தனக்கு அண்ணன்மாரிடமிருந்து சொத்தில் பங்கு வாங்கித் தந்த வக்கீலம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்பாவின் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று மெயின்ரோடு வரைக்கும் வயல் வரப்பில் நடத்தியே கூட்டிப்போனாள்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. நாமெல்லாம் கிராப் நோட்டும் மேப்பும் வாங்குவோமே, அதே கடை. ஆபீஸ் ஒற்றை அறைதான். அதனால் கட்சிக்காரர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடைக்கு வருகிற யாரும் தலையைத் தூக்கினால் படியில் இருப்பவர்கள் தெரிவார்கள். நான் அம்மாவின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். "வேர்க்குதாளா?" என்று அம்மா கேட்டாள். ஆமென்று தலையாட்டினேன்.

வக்கீலம்மா பழைய பண்ணையார் வீட்டுப் பெண் என்பார்கள். நிலமெல்லாம் போய், படிப்பு மட்டும் மிஞ்சிய வீடு. நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, வெள்ளைப் புடவையில், யாரிடமும் குரல் உயர்த்தாமல் பேசுவார். எங்களுக்கு முன்னால் போனவர்களிடம் பேசியது கதவு வழியே கேட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக நிலம் வாங்கும் ஒரு பெரியவரிடம், "மூலப்பத்திரத்தப் பாக்காம முன்பணம் கொடுக்காதீங்க" என்றார். தாலிச் செயினை விற்று வட்டிக்கு விடலாமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "உன் பேருல பாங்குல கணக்கு தொறந்து போடு. வட்டி கொறச்சல்தான், ஆனா கேக்கும்போது கையில வரும்" என்றார். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு இறங்குகிறவர்கள் ஏறும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து இறங்கினார்கள். அதையும் நான் சொல்ல வேண்டும்.

அம்மா அழவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்தாள். ஓரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா அண்ணாச்சி அவற்றை வாங்கி அடுக்கினார்.

"உனக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடுவோம்" என்றார் வக்கீலம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா எதுல பள்ளிக்கூடம் போற?"

"பஸ்ல."

"எந்த பஸ்ல?"

"அப்பா பஸ்ல."

"டிக்கெட் எடுக்கியா?"

நான் சிரித்துவிட்டேன். "இல்ல."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "இங்க பாரும்மா. நோட்டீஸ் போனதும் அவரு வக்கீல் எழுதப்போற மொத வரி இதுதான். பிள்ளைய நாந்தான் பாத்துக்கிடுதேன், எங்கூடதான் தெனமும் வருதா, சல்லிக்காசு வாங்கலன்னு எழுதுவாரு. அதுக்கு இடம் கொடுக்கக் கூடாது. திங்கக்கிழமையிலேருந்து இவ டிக்கெட் எடுக்கட்டும். எடுத்த டிக்கெட் ஒண்ணு விடாம எனக்கு வரணும்."

"அவுக வாங்க மாட்டாவளே" என்றாள் அம்மா.

வக்கீலம்மா என்னிடமே சொன்னார். "அப்பா கேக்காட்டாலும் நீ நீட்டணும். டிக்கெட் வேணும்னு வாய்விட்டுக் கேளு. நாலு பேரு காதுல விழுற மாதிரி கேளு. என்ன?"

நான் தலையாட்டினேன். அவர் மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டே ஆட்டினேன். உள்ளே ஒரு பூ இருந்தது.

திங்கட்கிழமை அம்மா என் கையில் சில்லறையைக் கொடுத்தாள். வழக்கமான பலகையில் உட்காராமல் உங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தேன். "ஏளா, இன்னைக்கு என்ன இங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள். அப்பா பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். உங்களிடமெல்லாம் வாங்கிவிட்டு, என்னைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனார். நான் எழுந்து நின்று கையை நீட்டினேன்.

"என்னதுளா?" என்றார்.

"துட்டு."

"எதுக்கு?"

"டிக்கெட்டுக்கு."

"நீயே வச்சிக்க. முறுக்கு வாங்கித் தின்னு."

"எனக்கு டிக்கெட் வேணும்." வக்கீலம்மா சொன்ன மாதிரியே சத்தமாகச் சொன்னேன். அவர் சொன்னதைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

பஸ்ஸில் பேச்சு நின்றது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அப்பா குனிந்து, அடங்கிய குரலில் கேட்டார். "யாரு சொன்னா?"

"அம்மா."

அப்பா தார்ப்பாய் இடுக்கில் வெளியே பார்த்தார். மழைத்தண்ணீரில் வயல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. பிறகு நிமிர்ந்து, விரலை நாக்கில் தொட்டு, டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க எறங்கணும்?"

முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற குரல் அது. "பாளையங்கோட்டை" என்றேன். அரை டிக்கெட் ஒன்றைக் கிழித்து, காசை வாங்கிக்கொண்டு, அடுத்த வரிசைக்குப் போனார். என் காது இரண்டும் கொதித்தன. உங்களில் ஒருத்தி என் முழங்கையை இடித்து, "உங்கப்பா உன்ட்டயே துட்டு வாங்குதாரா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் என்னவென்று சொல்வேன். எங்கம்மா எங்கப்பா மேல் கேஸ் போடப்போகிறாள் என்றா?

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நாளாக நாளாக அப்பா என்னிடம் எங்கே இறங்க வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. நான் நீட்டுவேன், அவர் கிழிப்பார். இரண்டு பேரும் கையை மட்டும் பார்த்துக்கொள்வோம். டிக்கெட்டுகளை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். டப்பாவைத் திறந்தால் பீடித்தூள் வாசம் வரும்.

வக்கீலம்மா சொன்ன வரி அப்படியே வந்தது. மகள் தினமும் தன் பேருந்தில் இலவசமாகவே பள்ளிக்குச் சென்று வருகிறாள் என்று அப்பாவின் பதில் மனுவில் இருந்தது. குமாஸ்தா அண்ணாச்சி அதைப் படித்துக் காட்டியபோது வக்கீலம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அந்த வரியை அப்பா பொய்யாக எழுதவில்லை. நாங்கள் வக்கீலம்மாவைப் பார்க்கப் போன அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அது உண்மைதான். உண்மையாக இருந்ததைப் பொய்யாக்கியதே நான் நீட்டிய காசுதான்.

விசாரணை அன்று அம்மா எனக்கு லீவு போடச் சொன்னாள். கோர்ட்டில் பின்பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்றாடி தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. முதலில் அம்மா கூண்டில் ஏறி, பீடி சுற்றுவதையும் அதில் வருவதையும் மறைக்காமல் சொன்னாள். அடுத்து அப்பா ஏறினார். காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் அவர் எனக்கு யாரோ மாதிரி இருந்தார். டவுனில் வீடு இருப்பதை அவர் மறுக்கவில்லை. கையில் இருப்பது இரண்டு வீட்டுக்குக் காணாது என்று மட்டும் சொன்னார். வக்கீலம்மா கறுப்பு அங்கியோடு எழுந்து, வெள்ளைத் தாள்களில் வரிசையாக ஒட்டிய டிக்கெட்டுகளை அவரிடம் காட்டினார்.

"இது உங்க வண்டி டிக்கெட்தானே?"

"ஆமா."

"யாருக்குக் கொடுத்தது?"

அப்பா தாள்களில் ஒட்டியிருந்த டிக்கெட்டுகளையே பார்த்தார்.

"உங்க மககிட்ட காசு வாங்கிட்டு டிக்கெட் கிழிச்சீங்களா, இல்லையா?"

"அது வந்தும்மா, அவளா…"

"ஆமா, இல்ல. இதுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஏதாவது சொல்வேனா என்று பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "ஆமா" என்றார்.

பெஞ்சுகளில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். அப்பாவின் வக்கீல் எழுந்து ஏதாவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்நுனிகள் ஈரமாக இருந்தன. தலையைக் குனிந்தவள் வெளியே வருகிற வரைக்கும் தூக்கவில்லை.

கேஸ் ஜெயித்தது. மாதாமாதம் கோர்ட்டில் கட்டச் சொல்லி உத்தரவானது. ஆனால் அன்றைக்குக் கோர்ட்டில் வரப்புத் தகராறுக்காக வந்திருந்த நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் கதை ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வைப்பு வைத்துக்கொண்டதை ஊர் ஏற்கெனவே பேசி ஓய்ந்திருந்தது. அப்படி ஆண்கள் நம் ஊரில் வேறேயும் உண்டு. இது புதிது. பெற்ற மகளிடம் டிக்கெட் கேட்டவன். அரை டிக்கெட்டு என்றே அவருக்குப் பேர் ஆனது.

பஸ்ஸில் நடந்தது உங்களுக்குத் தெரியும். "அண்ணாச்சி, எம்மவளுக்கு ஒரு அரை டிக்கெட்டு கொடும்வே. நாங்கல்லாம் கோர்ட்டுக்குப் போவமாட்டோம்" என்று ஒருவர். "வே, உம்ம அப்பன் ஏறினா முழு டிக்கெட்டா?" என்று இன்னொருவர். அப்பா விரலை நாக்கில் தொட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போவார். சிரிக்கிறவர்கள் நடுவே நான் பையை மடியில் அணைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்திருப்பேன். அப்போதும் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் யார் என்ன சொன்னார்கள், அப்பா எப்படி நின்றார் என்று. அம்மா கேட்டுக்கொண்டே பீடி சுற்றினாள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வக்கீலம்மாவின் படியில் உட்கார்ந்தோம்.

"அந்த டிக்கெட்டு சமாச்சாரத்த மட்டும் எடுத்திரலாமாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

வக்கீலம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியில் சாய்ந்தார். "அது பதிவாகி, உத்தரவும் ஆயாச்சு. இனி எங்க எடுக்க? நாம பொய் ஒண்ணும் சொல்லலியேம்மா. அவரு காசு வாங்குனாரா, இல்லையா?"

"நாமதான நீட்டுனோம்."

"நீட்டுனா வாங்காம இருந்திருக்கணும். பெத்தவன் வாங்கலாமா?" என்றார் வக்கீலம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. "அத அவரு வக்கீல் கேட்டிருக்கணும். கேக்கல. உனக்கு வேண்டியது கிடைச்சாச்சு, போய்ப் பிள்ளையப் படிக்க வை."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஏன் வாங்கினார் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேறு வீட்டுக்குப் போய்விட்ட ஒருவர், தன் மகள் நீட்டிய கையை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் வாங்கியிருப்பார். வக்கீலம்மாவுக்குச் சட்டம் தெரிந்திருந்தது, எங்கள் வயிறும் தெரிந்திருந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு பிள்ளையை எழுந்து நிற்கவைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போதும் அம்மா மெயின்ரோட்டிலிருந்து வரப்பிலேயே நடத்திக் கூட்டிவந்தாள்.

மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த நாள் காலை. நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் இருந்தீர்கள். அம்மா தெருவிலிருந்து வந்தாள். தலை குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். பஸ்ஸில் ஏறவில்லை. முன்வாசல் படிக்குக் கீழே வந்து நின்றாள். அப்பா பின்வாசல் பக்கத்தில் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. ஜன்னலோரம் இருந்தவர்களைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தப் பிள்ளைட்ட அவுக துட்டு கேக்கல. டிக்கெட் எடுன்னு சொல்லி நாந்தான் துட்டு கொடுத்து விட்டேன். கேஸுக்காகக் கொடுத்து விட்டேன். என்னைய விட்டுட்டுப் போனாவ. அதச் சொல்லுங்க, எத்தன வருசம் வேணும்னாலும் சொல்லுங்க. இதச் சொல்லாதிய."

அவ்வளவுதான் பேசினாள். எங்கோ ஒரு பால் கேன் மூடி உருண்டது. அப்பா விசில் ஊதினார். டிரைவர் அது கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார், இரண்டாவது விசிலுக்குத்தான் வண்டியை எடுத்தார். வளைவில் திரும்பும்போது பார்த்தேன். அம்மா அங்கேயே, புகையில், பச்சைச் சேலையோடு நின்றிருந்தாள்.

வண்டி ஊரைத் தாண்டியதும் எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் குரல் பைய சொன்னது. "இன்னும் அந்த மனுசன் மேல ஆச விடலபோல." பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். உங்களில் ஒருத்தியின் அம்மா. இப்போது அவர்கள் இல்லை. பேரைச் சொல்லப்போவதில்லை.

அம்மா அத்தனை பேருக்கு முன்னால் போய் நின்றதில் கதை கொஞ்சமும் மாறவில்லை என்பதுதான் விசேஷம். அரை டிக்கெட்டு என்ற பேர் அப்படியே நின்றது. புருஷன் மேல் ஆசை விடாதவள் என்ற பேர் அம்மாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அப்போது எனக்கு அம்மாவை நினைத்தும் வெட்கமாக இருந்தது. ஏன் இப்படி வந்து நின்றாள், அந்தச் சேலையை ஏன் கட்டினாள் என்று பள்ளிக்கூடத்தில் பகல் முழுக்கப் புழுங்கினேன். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும், "நாளையிலேருந்து டிக்கெட்டு எடுக்காண்டாம்" என்றாள் அம்மா. நான் பழைய பலகைக்கும் போகவில்லை, உங்கள் வரிசைக்கும் வரவில்லை. பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு மாதம்கூட விடாமல் கோர்ட்டில் கட்டினார். ஜீவனாம்ச உத்தரவு வாங்கியும் கைக்கு ஒன்றும் வராத எத்தனையோ பெண்கள் அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததால், வக்கீலம்மாவுக்கே அது ஆச்சரியம். "உங்க ஆளு தேவலம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் சொல்லிக்கொடுத்தபடியே என் பேரில் பாங்கில் கணக்குத் திறந்தோம். நான் காலேஜ் போனது அதில்தான். வக்கீலம்மாவை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் எதனால் தவறாமல் வந்தது என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது. மகளிடம் டிக்கெட் காசு வாங்கியவன் என்ற பேருக்கு மேல் இன்னொரு பேர் வாங்கக் கூடாது என்று கட்டினாரோ என்னவோ. அப்பா போய் நாலைந்து வருடமாகிறது. டவுன் வீட்டுக்கு நானும் அம்மாவும் போய், வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

நான் யாரிடமும் சொல்லாத ஒரு சாயந்திரம் இருக்கிறது. அதைச் சொன்னால் முடிந்துவிடும்.

அம்மா பஸ்ஸுக்கு வந்து நின்று கொஞ்ச நாள் கழித்து, ஐப்பசி மழை பிடித்த சமயம். உங்களுக்கெல்லாம் ஏதோ பள்ளிக்கூட விழாவுக்கு ஒத்திகை இருந்தது, நான் தனியாக வந்தேன். வழியில் ஒவ்வொருவராக இறங்கிப் போய், நம் ஊருக்கு முந்தின ஸ்டாப் தாண்டியதும் பஸ்ஸில் நானும் ஒரு கிழவரும் மட்டும்தான். கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடம் காலியானதால் நானும் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தார். அந்த வருடம் முழுக்க என் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததில்லை.

"நாளையிலேருந்து நான் இந்த லைன்ல இல்ல" என்றார். "அம்பாசமுத்திரம் வண்டிக்கு மாத்திக் கேட்டிருந்தேன். கொடுத்துட்டாங்க."

நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"அம்மாட்ட ஒண்ணு சொல்லுவியா?"

தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தோல்பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"கோர்ட்டுல சொன்னது, ஊர்ல சொல்லுதது, அதெல்லாம் என்னைய ஒண்ணும் செய்யல. நான் அப்படிக் கேக்கலன்னு எனக்குத் தெரியும்லா. அவ அன்னைக்கு வந்து எனக்காகப் பேசியிருக்க வேண்டாம். நான் அவளுக்குச் செஞ்சதுக்கு, அவ வந்து எனக்காகப் பேசுதா. அதுக்குப் பெறவு தலைய நிமுத்த முடியலளா. இத அவட்ட சொல்லு."

ஆலமூடு வந்தது. நான் இறங்கினேன். சொல் ஒன்று விடாமல் இருக்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தெரு நெடுக நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா முற்றத்திலிருந்து உள்ளே ஒதுங்கி, நடையில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அளவுத் தகரத்தை இலை மேல் வைத்து, கத்தரியால் சுற்றி வெட்டுவாளே, அதே வேகத்தில். பையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவும் அழுவாள் என்று நினைத்தேன்.

அம்மா கத்தரியை நிறுத்தினாள்.

"வேற?" என்றாள்.

"வேற ஒண்ணும் சொல்லல. தலைய நிமுத்த முடியலன்னு சொன்னாவ."

அம்மா வெட்டிய இலையை முறத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நிமுத்தாண்டாம்" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."